அக்தோஷ் நிறுத்திய ஆறு

“எங்க அக்தோஷ் ஒரே ஒரு குரைப்புக் குரைச்சா. ஆறு நின்னுடுச்சு.”

இருபத்தாறு வருடமாக ஓர்மோன் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். வேகம் குறைந்தது, மட்டம் இறங்கியது என்றெல்லாம் இல்லை. கடிவாளத்தைச் சுண்டி இழுத்த குதிரை மாதிரி கோக்சூ ஆறு நின்றதாம். துணி விலகின பெண்களைப் போல மீன்களெல்லாம் கூச்சப்பட்டுக்கொண்டு கூழாங்கல் மேல் நெளிந்தனவாம்.

இப்போது அவர் சின்னக் கூடாரத்தில் பலகை மேல் கிடந்தார். தம்பி ஷெர்காசி கெண்டியிலிருந்து வெந்நீர் ஊற்ற, பக்கத்துக் கூடாரத்துத் தோலோமுஷும் முல்லாவும் கழுவினார்கள். வெளியே ஆறு இரைந்துகொண்டிருந்தது. யார் செத்தாலும் நிற்கிற எண்ணம் அதற்கு இல்லை.

வெந்நீர் இடது கன்னத்துத் தழும்பில் இறங்கியபோது ஷெர்காசியின் கை தயங்கியது. கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை போகிற தழும்பு.

“கழுகு கீறினதுன்னு என்கிட்ட சொன்னார்,” என்றார் தோலோமுஷ். “என் மாமனார்கிட்ட பனிச்சிறுத்தைன்னாராம்.”

தன்னிடம் பொண்டாட்டி கரண்டியால் போட்டது என்று சொன்னதாக முல்லா தெரிவித்தார். மூன்று பேருமே சிரித்திருக்க வேண்டியது. ஷெர்காசி கெண்டியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பில் தண்ணீர் சூடாகிறதா என்று பார்க்கப் போனான். கெண்டியில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது.

அது அப்பாவின் சவுக்கு என்று தெரிந்தவன் உலகத்தில் இனி தான் ஒருவன்தான் என்று நினைத்துக்கொண்டான்.

அடிவாரப் பள்ளிக்கூடத்தில் ஷெர்காசி பூகோள வாத்தியார். கோடை வந்தால் பொண்டாட்டி பிள்ளைகள், நாய்கள், பாத்திரம் பண்டம் எல்லாவற்றோடும் அண்ணன் கூடாரத்துக்குப் பக்கத்தில் தன் கூடாரத்தை அடிப்பான். ஓர்மோன் ஆற்றுக் கதையை எடுத்தால் போதும், பக்கத்துப் பள்ளத்தாக்கில் மேய்கிற ஆடுகூட அடுத்தது என்ன என்பதை அறியும். ஓர்மோன் சரியாக ஆறு நிற்கிற இடத்தில் பேச்சை நிறுத்தி, தம்பியின் முகத்தைப் பார்ப்பார். ஒரு கிண்ணம் குமிஸ், புளித்த குதிரைப்பால், குடித்து முடிக்கிற அளவுக்குப் பார்ப்பார். ஷெர்காசி, “பொய்,” என்பான். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். ஆறு ஏன் நிற்காது என்று அவன் குச்சியால் மண்ணில் படம் போட்டு விளக்குவான். பள்ளிக்கூடத்து வாத்தியாரே சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? ஓர்மோனுக்குப் புளுகர் என்ற பெயர் நிலைத்தது.

முந்தாநாள் மாலை, தன் மகளைப் பெண் கேட்க வந்தவர்கள் முன்னாலும் அவர் அதே கதையை எடுத்தார். அதே இடத்தில் நிறுத்தினார். தம்பியைப் பார்த்தார்.

“நம்பாதீங்க,” என்றான் ஷெர்காசி. “எங்கண்ணன் பொய் சொல்லாத நாள்னு ஒண்ணு வந்தா, அது அவர் செத்த நாளாத்தான் இருக்கும்.”

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஓர்மோன்தான். மூக்கு வழியாகக் குமிஸ் வந்துவிட்டது. “வாத்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார்.

நேற்றுக் காலை பால் கறக்கிற நேரத்தில், குதிரைக் குட்டிகளைக் கட்டுகிற நீளக் கயிற்றடியில் குனிந்தவர் நிமிரவில்லை. கையில் பாதி போட்ட முடிச்சு. அன்றைக்கு அவர் யாரிடமும் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பொய்யும் சொல்லியிருக்கவில்லை.

வெந்நீர் கொதித்தது. ஷெர்காசி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு இருபத்து மூன்று வயது. அப்பாவின் பந்தயக் குதிரையைக் கேட்காமல் அவிழ்த்துக்கொண்டு அக்கரைக் கூடாரத்துக்கு வோட்கா குடிக்கப் போனான். திரும்பும்போது பிற்பகல். பனி உருகி ஆறு மதம் பிடித்து வருகிற நேரம். நடு ஆற்றில் குதிரை இடறியது, ஒரு முறை கனைத்தது, அவ்வளவுதான், போய்விட்டது. அவன் கால் இரண்டு பாறைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. தண்ணீர் தலைக்கு மேல் ஏறி இறங்கியது. கரையில் ஓடிவந்த அண்ணனைப் பார்த்தான். கூட ஓடிவந்த அக்தோஷ் அவனைப் பார்க்கவில்லை. மலையைப் பார்த்துக் குரைத்தாள்.

மேலே இடுக்கில் பனிச்சரிவு இறங்கி ஆற்றை அடைத்தது. நாய்க்கு அது நமக்கு முன்னால் கேட்டிருக்கும். பூகோள வாத்தியாருக்கு இது தெரியாதா? தண்ணீர் இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, இல்லாமலே போனது. மீன்கள் நெளிந்ததுகூட நிஜம். அண்ணன் பாறையை நெம்ப, நாய் அவன் சட்டைக் காலரைக் கவ்வி இழுத்தது. அவர்கள் கரையேறி மூச்சு வாங்குவதற்குள் அடைப்பு உடைந்து, ஆறு பத்து ஆறாக வந்தது.

குதிரை எங்கே என்று மாலையில் அப்பா கேட்டார். ஷெர்காசி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். குடித்துவிட்டு ஆற்றில் விட்டவன் தான்தான் என்றார். சவுக்கு ஒரே வீச்சு. அதற்குப் பிறகு, இந்தப் பக்கத்திலேயே சிறந்த சவாரிக்காரரை அப்பா சாகும் வரை பந்தயக் குதிரை ஏற விடவில்லை. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஷெர்காசி நினைத்தான். ஆனால் மறுநாளே அண்ணன், ஆறு நின்ற அதிசயத்தை வயிற்றுக்குள் வைத்திருக்க முடியாமல், யாரோ வழிப்போக்கன் மேல் போட்டுக் கதையாக்கி ஊர் முன்னால் அவிழ்த்துவிட்டார். அப்பாவும் அங்கே உட்கார்ந்திருந்தார். பயத்தில் ஷெர்காசிக்கு வாயில் வந்த வார்த்தை, “பொய்.” பிறகு அது பழகிப்போயிற்று.

வெள்ளைத் துணி வாங்கப் பெரிய கூடாரத்துக்குப் போனான். அண்ணி புருல்சா சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். ஒப்பாரியிலும் புருஷனை விட்டுவைக்கவில்லை. வானத்தையே தன் மாமனார் வீட்டுக் கூரை என்று சொன்னவரே என்று பாடிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிறுத்தினார். திரும்பவில்லை.

“தம்பி, உங்கண்ணன் கதையில ஆத்துல விழுந்தவன் தடவைக்கு ஒருத்தன். கம்பளி வியாபாரிம்பார், வரி வசூல்காரன்பார், ஒரு தடவை கல்யாணப் பொண்ணுன்னுகூடச் சொன்னார். ஆனா அத்தனை பேரும் பச்சைச் சட்டைதான் போட்டிருந்தாங்க. காலர் கிழிஞ்ச பச்சைச் சட்டை.”

ஷெர்காசி துணியை மடித்தான். மடித்ததையே மறுபடி மடித்தான்.

“அதைத் தச்சது நான். காலருக்கு ஒட்டுப் போட்டதும் நான்தான்.”

“அண்ணி... ஏன் இத்தனை நாளா கேக்கலை?”

“நீங்களா சொல்வீங்கன்னு அவர் காத்துக்கிட்டிருந்தார். அவரே காத்திருக்கறப்ப நான் யாரு முந்திக்க?”

அவர் விட்ட அடியிலிருந்து ஒப்பாரியைத் தொடர்ந்தார்.

கூடாரங்களுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருந்த புல்வெளியில் ஆண்கள் வரிசை வரிசையாக நின்றார்கள். எதிரே கம்பளியில் சுற்றி ஓர்மோன். அந்தப் பழைய அக்தோஷின் வம்சத்தில் நான்காவது அக்தோஷ், நேற்றிலிருந்து கயிற்றடியை விட்டு நகராமல் படுத்திருந்தது.

முல்லா வழக்கப்படி கேட்டார்: “மக்களே, இவர் எப்படிப்பட்ட மனுஷன்?”

“நல்ல மனுஷன்,” என்றது கூட்டம்.

“நல்ல மனுஷன்தான்,” என்றார் கடைசி வரிசையில் தோலோமுஷ். “நாக்கு மட்டும் இங்கிருந்து சீனா வரைக்கும் நீளம்.”

மெல்லிய சிரிப்பு ஒன்று வரிசைகளில் ஓடியது. முல்லா தாடிக்குள் குனிந்துகொண்டார். பிறகு பழக்கதோஷத்தில் எல்லாத் தலையும் ஷெர்காசி பக்கம் திரும்பியது. இந்த இடத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்வான். அதற்காகக் காத்திருந்தார்கள்.

“எங்கண்ணன் பொய் சொன்னது ஒரே ஒரு தடவை,” என்றான் ஷெர்காசி. “எங்கப்பாகிட்ட. குடிச்சுட்டுக் குதிரையை விட்டது அவர் இல்லை. நான்.”

முல்லா தாடியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“அந்தப் பச்சைச் சட்டைக்காரனும் நான்தான்.”

ஆற்றின் இரைச்சலில் கடைசி வரிசைக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. தோலோமுஷ் காதருகே கையைக் குவித்தார்.

“என்ன சொல்றார் வாத்தியார்? அப்போ அந்த ஆறு?”

கயிற்றடியில் அக்தோஷ் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஷெர்காசி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஆற்றுக்கு மேல் கேட்கும்படி சொன்னான்.

“நின்னுச்சு.”