கூட்டம் சேர்ந்தால் எரியும்

“எங்கடி கிளம்பிட்ட? உங்கக்காவைக் கூடத்துல படுக்க வச்சிருக்கு, நீ பாட்டுக்குச் செருப்பை மாட்டற!”

அம்மாவின் குரலுக்கு அங்கிருந்த அத்தனை தலையும் திரும்பியது. சின்னவள் வாரை மாட்டி முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள். “ஆய்வுக்கூடத்துக்கும்மா. அக்காகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். எடுக்கறதுக்குள்ள வந்துடுவேன்.”

வாசலில் அக்காவின் உதவியாளர் வண்டிச் சாவியோடு நின்றிருந்தார். அக்கா அவருக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. இன்றைக்கு அந்த முகம் அழுது வீங்கியிருந்தது.

அக்கா வளர்த்தவை கடல்நீரில் வாழும் நுண்ணுயிரிகள். வீட்டில் எல்லாருக்கும் அவை ‘பூச்சிகள்’தான். பொல்லாத பூச்சிகள்! தனியாக இருந்தால் இருண்டே கிடக்கும். ஒன்றின் வாடை இன்னொன்றுக்குப் பட்டு, நாம் நிறையப் பேர் சேர்ந்துவிட்டோம் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே தூங்கும் மரபணு விழித்து நீலமாய் ஒளி விடும். அந்த மரபணுவுக்குப் பூட்டுப்போல இருந்த ஒரு துண்டை அக்கா மாற்றி எழுதினாள். தனியாக இருந்தாலும் எரிய வேண்டும். அவளுடைய இத்தனை வருஷத்துப் பிடிவாதமும் அது ஒன்றுதான்.

நேற்று மருத்துவமனையில் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்: “நாளைக்குக் காலைல நீ போய்ப் பாருடி. சாயங்காலமானா பெருகிடும், மாத்துனது மாத்தாதது எல்லாமே எரியும், அப்புறம் பாத்துப் புண்ணியமில்ல. சிடுமூஞ்சி பாக்கக் கூடாது. எது எந்தக் குழாய்னு அவனுக்குத் தெரியும், ஆசையும் ஜாஸ்தி. கடை போட்டு ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டி விடற, என் பூச்சியை ஒரு நாள் வந்து பாத்தியா நீ?”

“பாத்துட்டு வந்து சொல்றேன்க்கா.”

“பாத்ததைச் சொல்லு. எனக்காக ஒண்ணும் சொல்லாத.”

விடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

இருட்டறையில் மேசைமேல் மூன்று கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் மாற்றிய பூச்சி, ஒன்றில் மாற்றாத பூச்சி, ஒன்றில் வெறும் உப்புத் தண்ணீர். பார்வைக்கு மூன்றும் ஒரே தெளிவு. “வரிசையைச் சொல்ல மாட்டேங்க. கண்ணு பழகட்டும், அவசரப்படாதீங்க” என்று விளக்கை அணைத்தார் சிடுமூஞ்சி.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல உட்கார்ந்திருந்தாள். கதவில் மாட்டியிருந்த அங்கியிலிருந்து அக்காவின் சோப்பு வாசனை வந்தது. நேரம் போகப் போக இருட்டு இளகித் தண்ணீரானது. அதில் அவள் மிதந்தாள். பக்கத்தில் அக்காவும் மிதந்தாள், மூச்சு வாங்காமல், சுகமாக. ‘என்னடி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?’ என்றாள். பதில் சொல்ல வாயெடுக்கும்போது நீலமாக ஏதோ கசிந்தது.

“நடுவுல! நடுவுல எரியுது!”

விளக்கு வந்தது. நடுவில் இருந்தது வெறும் தண்ணீர்.

“மொத தடவை எல்லாருக்கும் இப்படித்தாங்க” என்றார் அவர். “இருட்டுல கண்ணு தானா வெளிச்சம் போட்டுக்கும். அதுக்குத்தான் மேடம் தண்ணிக் குழாயும் வைக்கச் சொல்வாங்க.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. செத்தும் என்னைப் பிடித்துவிட்டாளே! “மாத்தி வைங்க. மறுபடி பாக்கறேன்.”

இந்த முறை வெகுநேரம் இருந்தாள். நீலம் வந்தது. இது என் கண்ணுடையது என்று விட்டுவிட்டாள். இன்னொரு முறை வந்தது, அதையும் விட்டாள். அக்கா வந்தாள். அவளை விட மனமே வரவில்லை. கடைசியில் மேசை இருக்கும் பக்கம் இருட்டு மட்டும் மிஞ்சியது.

“ஒண்ணும் எரியல.”

“நல்லாப் பாத்தீங்களா?” அவர் குரல் உடைந்திருந்தது.

“பாத்தேங்க.”

வெளியே வரும்போது, “குழாயெல்லாம் கழுவிடட்டுமா?” என்றார்.

“இருக்கட்டும்” என்றாள்.

வீட்டில் நுழைந்ததும் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “எரிஞ்சுதாடி?”

சின்னவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“எரிஞ்சுதுன்னு சொல்லிடு. அவ காதுல சொல்லிடுடி. சொன்னா என்ன கெட்டுப்போச்சு? என் பொண்ணு நிம்மதியாப் போகட்டும்.”

அவளுக்கும் சொல்லிவிட வேண்டும்போலத்தான் இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்காவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கி, காதருகே குனிந்தாள்.

“எரியலக்கா. ரெண்டு தரம் பாத்தேன். எரியல.”

“பாவி” என்றாள் அம்மா. பிறகு அந்தப் பாவியின் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு கதறினாள்.

பொழுது சாயும்போது எடுத்தார்கள். தெரு கொள்ளாத கூட்டம். அக்காவுக்கு இத்தனை பேரைத் தெரியுமா என்று வியந்தபடி, அம்மாவைத் தாங்கிக்கொண்டு சின்னவள் நடந்தாள். வெளிச்சம் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. இந்நேரம் பூச்சிகள் பெருகியிருக்கும் என்று நினைத்தாள். பூட்டிய அறையில், பார்க்க ஈ காக்கை இல்லாமல், மூன்றில் இரண்டு குழாய்கள் நீலமாக எரிந்துகொண்டிருக்கும்.