ஹாலில் போட்ட கட்டு

கொதிக்கும் சாம்பார் கொட்டி, சிறுமி ஷெரிலின் கன்னமும் கழுத்தும் வெந்துபோயிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் தினமும் மாலையில் அம்மா சான்ட்ராதான் கட்டு மாற்றினாள். சாந்தோம் வீட்டில் ஹாலில் மட்டும்தான் ஃபேன் நன்றாகச் சுற்றும் என்பதால், அங்கேதான் மாற்றுவாள்.

அன்று நாத்தனார் பியாட்ரிஸைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

"அண்ணி, அவங்க போற வரைக்கும் ஷெரில உள்ளயே வச்சிருங்க. பார்த்தா என்ன நெனப்பாங்க?" என்றாள் பியாட்ரிஸ்.

"நெனைக்கட்டும். ஒளிஞ்சுக்கிறதுக்கு என் பொண்ணு என்ன தப்பு பண்ணா?"

வந்தவர்கள் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே சான்ட்ரா மகளை ஹாலுக்கு அழைத்துவந்து மடியில் உட்காரவைத்தாள். ஒட்டியிருந்த துணியை நனைத்து மெல்ல எடுத்தாள். ஷெரில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இத உள்ள வச்சுப் பண்ணக் கூடாதா?"

"உள்ள காத்து வராது, ஆன்ட்டி. பார்க்கக் கஷ்டமா இருந்தா பால்கனில உக்காருங்க."

சான்ட்ரா காயத்தில் மருந்தைத் தடவினாள். அப்போது பியாட்ரிஸ் எழுந்துவந்து, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்தாள்.

"டேப்ப நான் கிழிச்சுத் தரேன், அண்ணி."

வந்தவர்கள் சம்பந்தத்தைப் பற்றி எதுவும் பேசாமலே கிளம்பினார்கள். அவர்கள் படியிறங்குவதற்குள் பியாட்ரிஸ் மிச்சமிருந்த கேசரியை ஷெரிலுக்கு ஊட்டத் தொடங்கியிருந்தாள்.