பதினெட்டுக் கிலோ

அந்தப் பல் டாக்டருக்குத் தன் முகம் ரொம்பப் பிடிக்கும். தெருமுனையில் ஒன்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்று, கிளினிக்கின் மாடிப்படியில் ஆளுயரத்துக்கு ஒன்று என்று மூன்று இடங்களில் அதை ஒட்டி வைத்திருந்தார். ‘உங்கள் செல்லம் தூங்கி எழுவதற்குள் பல் ரெடி!’ என்று கீழே பெரிய எழுத்தில் இருக்கும். அவரிடம் வேலை பார்த்த நர்ஸ், அவர் காதுக்கு எட்டாத இடத்தில் அவரைப் ‘போஸ்டர்’ என்றுதான் சொல்வாள்.

மருந்து கொடுத்துக் குழந்தைகளைத் தூங்கவைக்கும் வித்தையைப் போஸ்டர் ஒரு சனி, ஒரு ஞாயிறில் கற்றுக்கொண்டார். பெரிய ஹோட்டல் ஒன்றில் நடந்த பயிற்சி. ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வகுப்பில் அவரே குறட்டை விட்டார் என்று மருந்துக் கம்பெனிக்காரன் ஒருவன் நர்ஸிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஆனாலும் சான்றிதழ் சான்றிதழ்தானே? தங்க நிறச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் தலை நிமிர்ந்து பார்க்கும்படி மாட்டிவிட்டார்.

கிளினிக்கில் இல்லாத ஜோடனை கிடையாது. சிகிச்சை நாற்காலிக்குத் திமிங்கல உருவம். கூரையில் மினுக்கும் நட்சத்திரங்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பார்த்தால் குழந்தைகள் மிரளுமாம், அதற்கு ஒரு கோமாளிச் சட்டையைத் தைத்து, மேலே குல்லாவும் வைத்துக் கட்டியிருந்தார்கள். எடை பார்க்கிற மெஷின் மட்டும் வாங்கவில்லை. நர்ஸ் மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள்.

“இது என்ன காய்கறிக் கடையா? எத்தனை குழந்தைங்களப் பார்த்திருக்கேன். கண்ணால பார்த்தாலே சொல்லிடுவேன்” என்றார் போஸ்டர்.

நர்ஸ் அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருந்தவள். முட்டிவலி வந்து, ஓடியாட முடியாமல்தான் இங்கே வந்தாள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பது அவளுக்குத் தன் பெயரைப் போல் தெரியும். இருந்தும் மூன்றாவது தடவைக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டாள். அதற்காக அவள் பின்னால் தன்னையே நிறையத் திட்டிக்கொண்டாள்.

அன்று காலை வந்தது வாண்டு. நாலு வயசுப் பெண் குழந்தை. வீட்டில் வைத்த பெயர் வேறு என்றாலும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏழு பல்லில் சொத்தை. போன தடவை வந்தபோது போஸ்டரின் ஆள்காட்டி விரலைக் கடித்து, இரண்டு நாள் அவரைப் பிளாஸ்திரியோடு அலையவிட்டவள். அதனால்தான் இந்தத் தடவை தூக்கம்.

எல்லாருக்கும் சந்தோஷம். தொலைபேசிக் கம்பெனியில் புகார் கேட்கும் வேலையில் இருந்த அம்மாவுக்கு அரைநாள் லீவில் காரியம் முடியும். “அஞ்சுக்கு நாலே முக்கால் ஸ்டார் குடுத்திருக்காங்க, கண்ண மூடிட்டுப் போ” என்று அப்பா போனிலேயே தன் பொறுப்பை முடித்துக்கொண்டார்.

“எடை எவ்வளவுங்க?” என்று நர்ஸ் படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“ஸ்கூல்ல சேர்க்கும்போது பார்த்தது. ஞாபகம் இல்லையே” என்றாள் அம்மா.

போஸ்டர் வாண்டை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். அடுக்கடுக்காய்ச் சுருக்கம் வைத்த கவுன், அதன் மேல் தடித்த ஸ்வெட்டர். “பதினெட்டு இருக்கும். எழுதிக்கோங்க.”

“டாக்டர், நான் தூக்கிப் பார்த்தேன். அவ்வளவு இருக்காது.”

“நீங்க என்ன தராசா?”

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு, கால்குலேட்டரில் பதினெட்டைத் தட்டினார். ‘நீங்க இருந்தா குழந்தை இன்னும் சீன் போடும்’ என்று சொல்லி அம்மாவை வெளியே அனுப்பினார். சின்ன பிளாஸ்டிக் கப்பில் இனிப்பு மருந்து. வாண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

இருபது நிமிஷம் ஆயிற்று. வாண்டு தூங்கவில்லை. போதையேறியவள் மாதிரி சிரித்தாள், பாடினாள், திமிங்கலத்தின் கண்ணைப் பிடுங்கப் பார்த்தாள். சில குழந்தைகளுக்கு முதலில் இப்படித்தான் ஆகும், பொறுத்திருந்தால் அடங்கிவிடும் என்பது நர்ஸுக்குத் தெரியும். போஸ்டருக்கோ பொறுக்க நேரமில்லை. விளம்பரத்துக்கு வீடியோ எடுக்கப் பதினொன்றரைக்கு ஆள் வருகிறது. தூங்கும் குழந்தை ஒன்று கட்டாயம் வேண்டும்.

“இன்னொரு கப் குடுத்துடலாம்.”

“வேண்டாம் டாக்டர். முதல் மருந்தே இன்னும் முழுசா வேலை செய்யல. கீழ மருந்துக் கடையில எடை மெஷின் இருக்கு. நான் போய் எடுத்துட்டு வந்துடறேன். அதுவரைக்கும் எதுவும் குடுக்காதீங்க.”

“சரிசரி, போங்க. இன்னிக்கு உங்க ராஜ்யம்தான்.”

வலிக்கிற முட்டியோடு அவள் படி இறங்கினாள். கடையில் கூட்டம். மெஷின் அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரர் ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தி அதைத் தேடி எடுப்பதற்குள் கால்மணி நேரம் ஓடிவிட்டது. மெஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே வந்தவள் முதலில் பார்த்தது, தட்டில் காலியாகக் கிடந்த இரண்டாவது கப்பை. அடுத்து வாண்டைப் பார்த்தாள்.

வாயைத் திறந்து வைக்க ஒரு பக்கம் ரப்பர் கட்டை. தலை நெஞ்சின் மேல் சரிந்து கிடந்தது. உதடு ஈயம் பூசினது போல் வெளுத்திருந்தது. வயிறு உள்ளே இழுத்து இழுத்து ஏங்கியதே தவிர, காற்று போகவில்லை. போஸ்டர் குனிந்து பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்.

“பார்த்தீங்களா, எப்படித் தூங்குறா!” என்றார்.

விரலில் மாட்டிய கிளிப்பின் மானிட்டர் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. அதன் டிக் டிக் சத்தம் வீடியோவில் கேட்குமாம், அதனால் சத்தத்தையும் நிறுத்தியிருந்தார். நர்ஸ் அதைத் திருப்பினாள். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் எண்பத்தொன்று காட்டியது.

எடை மெஷின் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. ரப்பர் கட்டையைப் பிடுங்கிப் போட்டாள். தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கிப் பிடித்தாள். வாயில் தேங்கியிருந்த தண்ணீரை உறிஞ்சி எடுத்தாள்.

“ஆக்ஸிஜன் திறங்க!”

போஸ்டர் திறக்கவில்லை. வாண்டின் கன்னத்தைத் தட்டி, “பாப்பா... பாப்பா...” என்று கொஞ்சினார். இரண்டு நாள் பயிற்சியில் அதுதான் மிச்சம் நின்றது போலிருக்கிறது. நர்ஸ் ஒரு கையால் தாடையைப் பிடித்தபடியே மறுகையை நீட்டி, கோமாளிச் சட்டையைக் கழுத்திலிருந்து வயிறு வரை கிழித்தாள். குல்லா பறந்தது. சிலிண்டரைத் திங்கட்கிழமைதோறும் சரிபார்த்து வைத்தவள் அவளே. திருகியதும் உஸ்ஸென்று வந்தது. மாஸ்க்கை முகத்தில் அழுத்தினாள்.

எண்பத்து மூன்று. எண்பத்து எட்டு. தொண்ணூற்று நாலு. உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

“ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க.”

“ஆம்புலன்ஸா? சரியாயிடுச்சே! வெளியில உக்காந்திருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“அவங்க நினைக்கிறது கிடக்கட்டும். இப்ப போடுறீங்களா, இல்ல நான் கத்தவா?”

போட்டார். முதல் இரண்டு தடவை தப்பு நம்பருக்குப் போட்டார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டரம்மாவுக்குச் சிரிக்கவே தெரியாது போலிருந்தது. “என்ன மருந்து? எத்தனை தடவை?” என்று கேட்டாள்.

“ஒரே தடவை. வழக்கமான அளவுதான்” என்றார் போஸ்டர். குரலில் போஸ்டர்க் களை திரும்பியிருந்தது.

“ரெண்டு தடவை” என்றாள் நர்ஸ்.

“அக்கா பதற்றத்துல சொல்றாங்க. பாவம், பயந்துட்டாங்க.”

நர்ஸ் தன் கோட்டுப் பையில் கைவிட்டு, கிளம்பும்போது எடுத்துப் போட்டிருந்த இரண்டு கப்களையும் மேஜைமேல் வைத்தாள். இரண்டின் அடியிலும் சிவப்பாய் மருந்து ஒட்டியிருந்தது. அம்மா ஒருமுறை கப்களைப் பார்த்தாள், ஒருமுறை போஸ்டரைப் பார்த்தாள். நாளெல்லாம் அடுத்தவர் புகாரைக் கேட்கும் வேலையில் இருப்பவள், கப்கள் இரண்டையும் டாக்டரம்மா பக்கம் நகர்த்தினாள்.

ஸ்வெட்டரைக் கழற்றி வாண்டை எடை பார்த்தார்கள். பதின்மூன்று கிலோ, நானூறு கிராம்.

“பதினெட்டுன்னு யார் எழுதினது?” என்று டாக்டரம்மா கேட்டாள். போஸ்டருக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்துவிட்டது. பேசிக்கொண்டே வெளியே போனவர் திரும்பி வரவில்லை.

வாண்டு சாயங்காலம் கண் விழித்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை நர்ஸுக்கு ஒரு செய்தி வந்தது: ‘கிளினிக்கின் நல்ல பெயருக்கு ஏற்ற நடத்தை உங்களிடம் இல்லாததால் இனி வர வேண்டாம்.’ அவள் அதைப் படித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வாண்டின் அம்மாவோடு பல் மருத்துவக் கவுன்சிலுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். விசாரணை நடந்தது. போஸ்டர் தங்கச் சட்டத்தையே கழற்றிக்கொண்டு வந்து காட்டினாராம். ஆறு மாதம் தொழில் செய்யக்கூடாது, தூக்க மருந்தை இனி தொடவே கூடாது என்று தீர்ப்பு. ஏழாவது மாதம் பழைய போஸ்டரின்மேல் புதுசு ஏறியது. அதே முகம். ‘மருந்தே இல்லாத மென்மையான சிகிச்சை!’

சொத்தைப் பல் தீர்ப்புக்காகக் காத்திருக்காது. விசாரணை முடிவதற்கு முன்பே வாண்டை, நர்ஸ் முன்பு வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியின் பல் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். ‘கூட வாங்கக்கா’ என்று அம்மா கெஞ்சியதால் நர்ஸும் போனாள். சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. திமிங்கலம் இல்லை. மயக்க டாக்டர் முதல் வேலையாக வாண்டை எடை மெஷினில் ஏற்றினார். பிறகு கேள்வி மேல் கேள்வி. சளி உண்டா, குறட்டை உண்டா, வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டாள்?

“நேத்து ராத்திரிதான் டாக்டர். காலையில பச்சைத் தண்ணிகூடக் குடுக்கல” என்றாள் அம்மா.

“பிஸ்கட் தின்னேன்” என்றாள் வாண்டு. “அப்பா குடுத்தாங்க. நாலு.”

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் முதல் முறையாக லீவு போட்டுக் கூட வந்திருந்தார்.

“பசிக்கும்னு... சின்ன பிஸ்கட்தான் சார்.”

“வயித்துல இருக்கிறது மயக்கத்துல மேல வந்தா நுரையீரலுக்குள்ள போயிடும். அதுக்குச் சின்னது பெருசு தெரியாது. வியாழக்கிழமை வாங்க” என்று டாக்டர் பேனாவை மூடினார்.

“இதுக்காக ஒரு நாள் லீவு போச்சே!” என்று அப்பா பொருமினார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். வியாழக்கிழமை காலை வரை வீட்டில் பிஸ்கட் டப்பா அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது.

அன்று ஏழு பல்லும் முடிந்தன. சிகிச்சை முழுக்க மயக்க டாக்டர் பல் பக்கம் திரும்பவேயில்லை. வாண்டின் மூச்சையும் மானிட்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். விழித்ததும் வாண்டு ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுது, அவர் வயிற்றில் ஓர் உதை விட்டாள். அவர் மணியைப் பார்த்து அதைக் குறித்துக்கொண்டார்.

“கிளம்பலாமா சார்?” என்றார் அப்பா.

“ரெண்டு மணி நேரம் பார்த்துட்டுதான் அனுப்புவோம். உக்காருங்க” என்றார் டாக்டர்.

அப்பா உட்கார்ந்தார்.