பாதி இழுத்தால் போதும்

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற கடிகாரத்தையும் கழற்றிப் பார்க்கிற ஆள். எங்கள் பழைய காரின் ஹெட்லைட் ஸ்விட்ச் மட்டும் சாமான் கிடைக்காததால் பல வருஷம் தப்பித்திருந்தது. முழுக்க இழுத்தால் எல்லா விளக்கும் அணைந்துவிடும். பாதி இழுத்து நிறுத்தினால்தான் ஹெட்லைட் எரியும். மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது இதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அன்று இருட்டத் தொடங்கும்போது அவள் காரை எடுத்துக்கொண்டு அச்சகத்து வேலைக்குக் கிளம்பினாள். அவள் போன பிறகு இவர் கை கழுவிவிட்டு வந்து டீயை எடுத்துக்கொண்டார். முகத்தில் பெருமை தாங்கவில்லை.

"ஸ்விட்ச்சை மாத்திட்டேன். பழைய சாமான் கடையில அதே மாதிரி ஒண்ணு கெடச்சுது. மத்தியானம் பூரா டேஷ்போர்டுக்கு அடியிலதான் கெடந்தேன். இனிமே அந்தப் பாதி வித்தையெல்லாம் வேண்டாம். முழுசா இழுத்தா ஜம்முனு எரியும்."

"பாதி இழுத்தா?"

"பாதியில சின்ன வெளக்கு மட்டும்தான்..." என்றவருக்குத் திறந்த வாய் மூடவில்லை.

"அவகிட்ட சொன்னீங்களா?"

"அவளே பாத்து அசந்து போகட்டும்னு..."

தெருவில் விளக்குகள் இருப்பதால் அவளுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஊர் தாண்டினால் கல்குவாரி வளைவு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், விளக்குக் கம்பமே கிடையாது. வெளிச்சம் போதவில்லை என்று தோன்றினாலும் அவள் முழுக்க இழுக்க மாட்டாள். இழுக்காதே, இழுக்காதே என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறேனே!

"போன் பண்ணு," என்றார்.

பண்ணலாம். ஆனால் அவள் வண்டி ஓட்டும்போது கூப்பிடுவதில்லை என்பது என் சட்டம். "மீறி நான் கூப்பிட்டா யாரோ போய்ச் சேந்துட்டாங்கன்னு அர்த்தம்" என்று அவளிடமே சொல்லியிருந்தேன். அந்த வளைவில், இருட்டில், ஒரு கையால் பையைத் துழாவினால்? கூப்பிட்டாலும் பயம், கூப்பிடாவிட்டாலும் பயம். இந்த மனுஷனை அந்த ஸ்விட்ச்சோடு சேர்த்துக் கழற்றி எறியலாம் போல ஆத்திரம் வந்தது.

கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். இவர் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே மேஜை முழுக்கச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது முறை எடுத்தாள். "அம்மா, ஓரமா நிறுத்திட்டேன்." குரல் உடைந்திருந்தது. "அப்பாவாம்மா?"

"அப்பா இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறார். நீ மொதல்ல அந்த ஸ்விட்ச்சை முழுசா இழு."

"அணைஞ்சிடுமே?"

"இழுடி!"

கடக்கென்று ஒரு சத்தம்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "நேர் முன்னாடி ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறார். பின்னாடி கொழந்தை உக்காந்திருக்கு. எனக்குத் தெரியவே இல்லம்மா."

"மெதுவா திருப்பிக்கிட்டு வீட்டுக்கு வாடி," என்றேன்.

அவள் வேலைக்குப் போகவில்லை, திரும்பி வந்தாள். இவர் வாசலில் ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசத் தலையைக் குனிந்து நின்றார். சொல்ல வேண்டியதையெல்லாம் நான் நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். அவள் கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடிவந்து, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த வளைவில் கொஞ்ச நேரம் அவளுக்கு அப்பா இல்லாமல் போயிருந்தார். நான் போய் ஸ்விட்ச்சை உள்ளே தள்ளி விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.