இன்னும் கேட்கிறார்கள்

பெரியப்பா குனிந்து பிளக்கைப் பிடுங்கியபோது மகள், இனி யாருக்கும் தேவைப்படாத அப்பாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சாவு வீட்ல எதுக்கு இந்த இரைச்சல்?"

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக ஓடிய பழைய சர்வர் அது. யாராவது ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால், அது எங்கே இருக்கிறது என்று வழிசொல்லும். அதற்கு ஓய்வு கொடுக்கப்போவதாக அப்பா சொல்லிக்கொண்டேயிருந்தார். அதை நம்பியிருந்தவர்கள் வேறு இடத்துக்கு மாறினால்தானே?

அப்பா விடியும் முன்பே போயிருந்தார். அம்மா அழவில்லை. சத்தம் நின்றதும் நிமிர்ந்து கட்டிலைப் பார்த்தாள்.

"போயிட்டாரு," என்றாள்.

சற்று நேரத்தில் அப்பாவின் போன் அடிக்கத் தொடங்கியது. ஒரு பள்ளிக்கூடம். ஒரு கண் ஆஸ்பத்திரி. பிறகு மின்மயானத்திலிருந்து ஒரு பெண்.

"எங்க சைட் ஓப்பனே ஆகலம்மா. இன்னைக்கு யார் யாருக்கு எத்தனை மணின்னு பாக்க முடியல. சார்கிட்ட குடுங்களேன்."

"சாரைத்தான் இன்னைக்கு அங்க கொண்டு வர்றோம்."

மகள் போனை வைத்துவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தாள்.

பெரியப்பாவே குனிந்து பிளக்கைச் செருகினார். இரைச்சல் எழுந்தது. அம்மா சட்டென்று எழுந்துபோய் அப்பாவின் மார்பில் கைவைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மகள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கெஞ்சி, கத்தி, எல்லோரையும் புது சர்வருக்கு மாற்றினாள். ஒரு பெயர் மட்டும் மிஞ்சியது. எப்போதோ மூடிய தையல்கடை. தையற்காரரும் உயிரோடு இல்லை. ஆனாலும் தினமும் காலையில் எங்கிருந்தோ அந்தப் பெயரைக் கேட்டு ஒரு வரி திரையில் வந்தது. சர்வரும் பதில் சொன்னது.

"யாருடீ கேக்குறா?"

"தெரியலம்மா. ஏதாவது மெஷினா இருக்கும்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் விட்டு வெச்சிருக்காரு போல."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நிறுத்திடு," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

மறுநாள் காலை அந்த வரி வரும்வரை மகள் காத்திருந்தாள். வந்தது. பதிலும் போனது. அதன் பிறகு சர்வரை நிறுத்தினாள். உள்ளே விசிறி தளர்ந்து, இழுத்து இழுத்துச் சுற்றி, ஓய்ந்தது.

"சாப்பிட வாடீ!"

அந்த இரைச்சலை மீறிப் பேசியே பழகிய குரல், வீடு முழுக்க மோதித் திரும்பியது. அம்மா கரண்டியோடு வாசற்படியில் அப்படியே நின்றாள்.

"சாப்பிட வா," என்றாள், மெதுவாக.