திருத்தம் இல்லை

மறைந்த சட்டசபை உறுப்பினரின் மகள் நான்கு கோப்புகளை மேசைமேல் வரிசையாக வைத்தாள். அறிவியல், மின்சக்தி, கல்வி, சுற்றுச்சூழல் என்று ஒவ்வொன்றின் முதுகிலும் தடித்த பேனாவால் எழுதியிருந்தது. முதல் மூன்றும் நாடா கட்டியும் அடங்காமல் பிதுங்கின. நான்காவது, சோறு செல்லாத பிள்ளை மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது.

பென்சிலக்கா கோப்புகளைப் பார்க்கவில்லை. தன் வலது கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் மேசை விரிப்பின்மேல் எழுதிக்கொண்டிருந்தது. இடது கையை எடுத்து அதன்மேல் வைத்து அமுக்கினாள்.

சட்டசபையில் முப்பத்தொரு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவள் அவள். பென்சிலக்கா என்பது அங்கே விழுந்த பெயர். காதில் விழுவது தலைக்குப் போகாமல் நேராகக் கைக்குப் போய்விடும். ஓய்வு பெற்று ஏழு வருடமாகியும் வானொலிச் செய்தி, பக்கத்து வீட்டுச் சண்டை, டாக்டர் சொல்லும் மாத்திரைக் கணக்கு எல்லாவற்றையும் அந்த விரல் கிடைத்த இடத்தில் எழுதிவிடுகிறது. ஆனால் யாரும் பேசாத நேரத்திலும் அது எழுதும். அப்போது எழுதுவது ஒரே ஒரு வாக்கியத்தைத்தான்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற கணவர் டீயைக் கொண்டுவந்து வைத்தார். "பாத்தீங்களாம்மா, இப்பவே ஆரம்பிச்சுட்டா. கல்யாணமான நாள்லேருந்து தூக்கத்துல என் முதுகுல எழுதுறா. என்ன எழுதியிருக்கேன்னு இதுவரைக்கும் ஒரு தடவை படிச்சுக் காட்டினதில்ல. எல்லாம் என்னைப் பத்தின புகாராத்தான் இருக்கும்."

"உங்களைப் பத்தி எழுத ஒரு முதுகு போதுமா?" என்றாள் பென்சிலக்கா.

மகள் சிரித்தாள். ஐம்பதை நெருங்குகிறவள், பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. சட்டைக் கையில் சாக்பீஸ் தூள் இருந்தது. வகுப்பு முடிந்ததும் நேராக வந்திருக்க வேண்டும். "கடைசியில அப்பாவுக்கும் இப்படித்தான் அக்கா, விரல் சும்மாவே இருக்காது. ஆனா அவர் எழுத மாட்டார். தேய்ப்பார். பேப்பர், மருந்துச் சீட்டு, எது கையில கிடைச்சாலும் அதோட வலது ஓரத்தைக் கட்டைவிரலால தேய்ச்சுக்கிட்டே இருப்பார். நியூஸ்பேப்பர்ல ஓரமெல்லாம் ஓட்டை. மூளை தளர்ந்துபோச்சு, அப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொல்லிட்டார்."

பென்சிலக்கா டீயை எடுத்து, குடிக்காமல் திரும்ப வைத்தாள். கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். எதிர் வீட்டுக் குழாய் ஒழுகுவது அப்போதுதான் ஞாபகம் வந்தவர்போல ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வியாழக்கிழமை விழா. திரும்பக் கட்டிய பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்துக்கு அப்பாவின் பெயர் வைக்கிறார்கள். அன்றே அவருடைய சபைப் பணிகளைத் தொகுத்த புத்தகமும் வெளிவருகிறது. மகள் கோப்புகளைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். பௌதிக ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்தவர். பள்ளிக்கூடங்களுக்கு நடமாடும் ஆய்வகம் அவர் கொண்டுவந்த திட்டம். இருட்டாகக் கிடந்த தொகுதிக்கு அனல்மின் நிலையம் வந்தது அவர் அலைந்த அலைச்சலால். அதற்குப் பக்கத்திலேயே, தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் வந்ததும் அப்படித்தான்.

"நானூத்திப் பன்னெண்டு கேள்வி கேட்டிருக்கார், அக்கா. நானே எண்ணினேன். சாம்பல் குளத்துக் கரை உடைஞ்ச வருஷம் வரைக்கும் நானூத்திப் பன்னெண்டு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் உறுப்பினரா இருந்தார். ஒரு கேள்வி இல்ல. வாயே திறக்கல. ஏன்?"

பென்சிலக்காவின் கண் நான்காவது கோப்புக்குப் போனது.

"விழாவுக்குக் கூப்பிட ஒவ்வொரு வீடா போனேன். கரை உடைஞ்சு செத்துப்போன அந்தப் பதினோரு பிள்ளைங்க வீட்டுக்கும் போனேன். ஒரு வீட்டுல அந்தம்மா கதவைத் திறந்தாங்க. உள்ள வான்னு சொல்லல. வாசல்லயே நிறுத்தி, 'உங்கப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன்." அவள் நான்காவது கோப்பைத் திறந்தாள். "அதுக்கப்புறம் மூணு தடவை அவைக்குறிப்பைப் படிச்சுட்டேன். கரையைப் பத்தி அப்பா ஒரு வார்த்தை சொல்லல. கரையை உயர்த்துற தீர்மானம் வந்த அன்னைக்கு மேசையில இருந்தது நீங்கன்னு அலுவலகத்துல சொன்னாங்க. நீங்க சொல்லுங்க. அச்சுல இல்லன்னா, சொல்லலன்னுதானே அர்த்தம்? அப்பாவுக்குத் தெரியாதுதானே?"

அச்சில் இல்லாதது சபையில் நடக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தலைமைச் சுருக்கெழுத்தாளர் சொல்லிக்கொடுத்த பாடம் அதுதான். அடுத்தடுத்து வந்த இளையவர்களுக்குப் பென்சிலக்காவும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தாள்.

சுருக்கெழுத்தாளர்களின் மேசை சபையின் நடுப்பள்ளத்தில், சபாநாயகரின் காலடியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் உறுப்பினர்களின் முகத்தைவிடச் செருப்புதான் நன்றாகத் தெரியும். செருப்பையும் குரலையும் வைத்தே ஆளுக்கொரு பட்டப்பெயர் கொடுத்திருந்தார்கள். மூச்சு விடாமல் பேசுகிறவர் எக்ஸ்பிரஸ். ஒவ்வொரு வரிக்கும் தொண்டையைச் செருமுகிறவர் கமா. எதற்கெடுத்தாலும் கணக்குப் போட்டுக் காட்டுகிற இவளுடைய அப்பா ஃபார்முலா. இவர் எழுந்தால் மேசையில் எல்லாருக்கும் நிம்மதி. வகுப்பில் பாடம் நடத்துவதுபோல நிறுத்தி நிதானமாகப் பேசுவார். எண்களை இரண்டு முறை சொல்வார். இரண்டாம் முறை சொல்லும்போது மேசையைக் குனிந்து பார்ப்பார், எழுதியாயிற்றா என்று.

ஆளுக்கு ஐந்து நிமிடம் முறை. அடுத்தவர் வந்து உட்கார்ந்து, எழுதத் தொடங்கி, அதன்பிறகு முன்னவரின் தோளைத் தொட வேண்டும். தொட்டால் 'நான் பிடித்துக்கொண்டேன், நீ விடலாம்' என்று பொருள். அந்தத் தொடுதலில்தான் மொத்த சபையும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும்.

அன்று மின் நிலையத்தை விரிவாக்கும் தீர்மானம். சாம்பலும் தண்ணீருமாக நிற்கும் குளத்தின் கரையை இன்னும் பத்தடி உயர்த்த வேண்டும். குளத்துக்குக் கீழே பள்ளிக்கூடம். ஃபார்முலா எழுந்து மின்சாரக் கணக்குப் பேசினார். எத்தனை வீடு, எத்தனை தறி, எத்தனை பம்ப் செட். நேரம் முடிந்து சபாநாயகர் மணியடித்தார். ஒலிபெருக்கி அணைந்தது. அதே நொடியில் பென்சிலக்காவின் தோளில் கை பட்டது. அவள் பென்சிலை எடுத்து நோட்டை மூடினாள். திரும்பிப் பார்த்தால், தோளைத் தொட்டவர் இன்னும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். நோட்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அந்த இடைவெளியில் ஃபார்முலா இன்னொரு வாக்கியம் சொன்னார். ஒலிபெருக்கி இல்லாமல், சத்தமும் போடாமல் சொன்னார். பின்வரிசைகளில் எழுந்த சலசலப்பில் அது மேசையையும் முன்வரிசையையும் தாண்டி யாருக்கும் எட்டியிருக்காது.

"கரை தாங்காது என்ற அறிக்கையை நான் படித்துவிட்டேன், பள்ளிக்கூடத்தை முதலில் மாற்றுங்கள், பிறகு என் வாக்கைக் கேளுங்கள்."

பென்சிலக்காவின் நோட்டு மூடியிருந்தது. விரல் மட்டும் மேசையின் கட்டையில் அதை எழுதியது. முன்வரிசையிலிருந்து அவருடைய கட்சிக் கொறடா திரும்பிப் பார்த்தார். ஃபார்முலா உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்து வாக்கெடுப்பு. அவர் கை மற்ற கைகளோடு மேலே போனது.

நோட்டில் இல்லாததை நினைவிலிருந்து எழுதக்கூடாது. விடுபட்டதாகத் தோன்றினால் தட்டச்சுப்படியின் வலது ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடலாம், அவ்வளவுதான். படி உறுப்பினருக்குப் போகும். அவர் ஒரு நாளுக்குள் விட்டதை எழுதி அனுப்பினால் அச்சில் ஏறும். அவள் கேள்விக்குறி போட்டாள். கொஞ்சம் அழுத்தியே போட்டாள். மறுநாள் படி திரும்பி வந்தது. கீழே அழகான ஆசிரியர் கையெழுத்தில் 'திருத்தம் இல்லை' என்று இரண்டு சொல்லும் ஒப்பமும். ஓரத்தில் கேள்விக்குறி இல்லை. ரப்பரின் சிறு துகள்கள் மட்டும் மடிப்பில் தங்கியிருந்தன.

சரி, அவரே வேண்டாமென்கிறார், நமக்கென்ன என்று அவள் படியை அச்சுக்கு அனுப்பினாள். அனுப்பும்போது மனதில் ஒரு நிம்மதி இருந்ததை அவள் பிறகு எந்நாளும் தனக்கே மறுத்துச் சொன்னதில்லை.

பதினான்கு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, முதல் மணி அடித்த பிறகு, கரை உடைந்தது.

அதற்கடுத்த கூட்டத்தொடரில் அவர் வந்தார். மேசையிலிருந்து அவள் பார்த்தது அவருடைய செருப்பைத்தான். கம்பளத்தில் கதவிலிருந்து இருக்கைவரை சாம்பல் நிறத்தில் அடிச்சுவடு. துப்புரவு செய்கிறவர் அதை இரண்டு நாள் தேய்த்தும் முழுக்கப் போகவில்லை. அந்த ஆறு வருடமும் அவர் தினமும் வந்தார், உட்கார்ந்தார், உட்காரும்போது ஒரு தடவை குனிந்து மேசையைப் பார்த்தார். எழுதியாயிற்றா என்று பார்ப்பதுபோலவே இருக்கும். எழுத ஒன்றும் இருக்காது. ஒருமுறை தாழ்வாரத்தில் எதிரெதிரே வந்துவிட்டார்கள். "நல்லா இருக்கீங்களா?" என்றார். "இருக்கேன் சார்" என்றாள். அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அது ஒன்றுதான்.

"அக்கா?" என்றாள் மகள்.

'தெரியாதும்மா, அச்சுல இல்ல' என்று சொன்னால் போதும். அது பொய்கூட ஆகாது. இவள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவாள். வியாழக்கிழமை ஆய்வகத்தில் பெயர்ப்பலகையைத் திறப்பார்கள். அந்தத் தாய் வருவாளோ மாட்டாளோ. பென்சிலக்கா வாயைத் திறந்தாள். கைக்கடியில் விரல் அசைந்தது. 'கரை' என்பதற்கான கோடு. அதன்பின் 'தாங்காது.'

எழுந்து உள்ளே போனாள். பீரோவின் அடித்தட்டில் கணவரின் முழங்கால் எக்ஸ்ரே உறை இருந்தது. கரை உடைந்த செய்தி வந்த அன்று அலுவலகத்தின் கீழ்த்தளக் கிடங்குக்குப் போய், கூழாக அரைக்கக் கட்டி வைத்திருந்த பழைய படிகளிலிருந்து ஒரே ஒரு தாளை உருவி, குடைக்குள் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வாழ்நாளில் அவள் செய்த ஒரே திருட்டு. எக்ஸ்ரேக்களுக்கு நடுவிலிருந்து அதை எடுத்துவந்து மகளின் முன்னால் வைத்தாள்.

மகள் படித்தாள். "இதேதான் அச்சுலயும் இருக்கு. திருத்தம் இல்லன்னு அப்பா போட்டிருக்கார்."

"வலது ஓரத்தைப் பாருங்க."

"ஒண்ணும் இல்லையே."

மகள் தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் அந்த இடத்தில் மட்டும் தாள் மெலிந்து, மயிர் எழும்பியிருப்பது தெரிந்தது. அவளுடைய கட்டைவிரல் தன்னையறியாமல் அங்கே போனது. போன வேகத்தில் நின்றது. விரலை எடுத்து, சுட்டுக்கொண்டதைப்போலப் பார்த்தாள்.

"இங்கதான்," என்றாள். குரல் வேறாக இருந்தது. "எல்லாப் பேப்பர்லயும் இங்கதான் தேய்ப்பார்."

எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். பிறகு அவள், "அக்கா, ஒரு பென்சில் இருக்கா?" என்றாள்.

இந்த வீட்டில் அதற்குப் பஞ்சமில்லை. மகள் பென்சிலைப் படுக்கைவாட்டில் பிடித்து, நாணயத்தைத் தாளுக்கடியில் வைத்துப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதைப்போல, ஓரத்தில் மெல்லத் தேய்த்தாள். பென்சில்கரியின் சாம்பல் நிறம் பரவியது. பரவாத பள்ளத்தில், வெள்ளையாக, ஒரு கேள்விக்குறி வந்தது. முதலில் வளைவு, பிறகு தண்டு, கடைசியாகப் புள்ளி.

"நீங்க போட்டதா?"

"நான் போட்டதுதான்."

"என்ன விட்டுப்போச்சு?"

"ஒரு வாக்கியம்."

"அப்பா சொன்னதா?"

"சொன்னார்மா. நான் எழுதல. எழுதச் சொல்லிக் கேட்டேன். அவர் அழிச்சிட்டார்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அவருக்கு மட்டும் இல்ல. எனக்கும் தெரியும். பதினாலு மாசம் தெரியும்."

மகள் அவளை வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள், அல்லது கோப்புகளை அள்ளிக்கொண்டு போய்விடுவாள் என்று பென்சிலக்கா எதிர்பார்த்தாள். போகவில்லை. நான்காவது கோப்பிலிருந்து, வியாழக்கிழமை பேசுவதற்காக எழுதிவைத்திருந்த தாளை எடுத்து, எழுதாத பக்கத்தைத் திருப்பிப் போட்டாள். பேனாவைத் திறந்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "எனக்குச் சுருக்கெழுத்து தெரியாது. மெதுவாச் சொல்லுங்க."

பென்சிலக்கா சபை முழுவதும் பேசியதை எழுதியிருக்கிறாள். அவள் பேசியதை எழுத ஒருவர் உட்கார்ந்தது இதுதான் முதல்முறை. தொண்டையைச் செருமினாள். கமா மாதிரி ஆகிவிட்டோமே என்று ஒரு நினைப்பு வந்து போனது. இடது கையை மெல்ல எடுத்தாள். விரிப்பின்மேல் வலது கை மல்லாந்து கிடந்தது. விரல் அசையவில்லை. எதிரே பேனாவின் முனை வெள்ளைத் தாளைத் தொட்டு, ஒரே இடத்தில் நின்று, மைப்புள்ளி சிறிது சிறிதாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது.