நானூற்றுப் பதினேழாம் கட்டு

பக்கத்து நாட்டில் அரசாங்கம் கவிழ்ந்தால், இங்கே ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் பசை காய்ச்ச ஆரம்பித்துவிடுவார்கள். சிரிக்க வேண்டாம், உண்மைதான். அந்த நாட்டில் காகிதம் இல்லை, மை இல்லை, அவற்றை வெளியிலிருந்து வாங்க டாலரும் இல்லை. அதனால் அவர்களுடைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் இரண்டு வருடமாக இங்கேதான் அச்சாகின்றன. புத்தகத்தின் முதல் பக்கத்தில் கல்வி அமைச்சர் பல் தெரியச் சிரித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு வாழ்த்துச் சொல்வார். படம் உண்டு, கையெழுத்து உண்டு. அமைச்சர் போனால் அந்தப் பக்கமும் போயாக வேண்டும். மற்றபடி பாடம் அதே பாடம்தான். ஏழும் எட்டும் பதினைந்து என்பதில் எந்தக் கட்சிக்கும் தகராறு இல்லை.

இந்த வருடம் மட்டும் இரண்டு அமைச்சர்களைக் கிழித்தாகிவிட்டது. முதல் ஆள் போனபோது பைண்டிங் பெண்கள் எட்டுப் பேரும் கதை கேட்ட மாதிரி வாய் பிளந்தார்கள். இரண்டாம் ஆள் போனபோது, “பாவம், மீசை நல்லா இருந்துச்சு” என்றார்கள்.

அந்த எட்டுப் பேரில் மூத்தவளுக்கு மிஷினக்கா என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருட வேலை. புத்தகத்தைக் கையில் எடுத்ததும் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு தரம் விசிறிப் பார்ப்பாள். சரசரவென்று பிரிந்தால் நல்ல புத்தகம். பிரியாமல் மொத்தையாக நின்றால் உள்ளே பசை வழிந்து ஒட்டிப்போனது என்று அர்த்தம், நேரே வேஸ்ட் கூடைக்குப் போகும். ஒட்டிப்போனதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரித்தால் கிழியும், நேரமும் போகும். விசிறுவதும் எறிவதும் ஒரே அசைவுதான். தலையைக் கேட்டுக்கொண்டு கை செய்கிற வேலை இல்லை அது.

மிஷினக்காவின் கூடப் பிறந்தவள் ஒருத்தி, தங்கச்சி, அந்த நாட்டில்தான் கல்யாணமாகிப் போனாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சர். பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட வந்ததில்லை. மாத்திரையை நிறுத்தினால்தான் ஆபத்து.

ஒரு நாள் தங்கச்சி போனில் சொன்னாள், என்னவோ கடையில் உப்பு தீர்ந்துபோன மாதிரி.

“மாத்திரை எங்கேயும் கிடைக்கலக்கா. முப்பது இருக்கு. ஒடச்சு பாதி பாதியா போட்டுக்கறேன்.”

“ஏண்டி, பாதி போட்டா வேலை செய்யாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?”

“முழுசு போட்டா பதினஞ்சு நாள்ல தீர்ந்துடும். அதுக்கப்புறம் எதை ஒடைக்கறது?”

இங்கே தெருமுனை மருந்துக் கடையில் அந்த மாத்திரை பெட்டி பெட்டியாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்துக்குத் தபால் நின்று மூன்று மாதம் ஆகிவிட்டது. சரக்கு எதுவும் போகவில்லை. இரண்டு அரசாங்கமும் பேசி விதிவிலக்குக் கொடுத்தது பாடப்புத்தகத்துக்கு மட்டும்தான். லாரி டிரைவரிடம் கெஞ்சிப் பார்த்தாள். “அக்கா, எல்லையில ஒரு மாத்திரை பிடிச்சாங்கன்னா லாரி அங்கேயே நிக்கும், நானும் அங்கேயே நிப்பேன்” என்று அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. புத்தகங்கள் ஐம்பது ஐம்பதாகக் கட்டப்பட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் பள்ளிக்கூடத்தின் எண் எழுதிய அட்டை தொங்கும். தங்கச்சியின் பள்ளிக்கூடம் நானூற்றுப் பதினேழு. சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போயிருந்தபோது மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்தாள். முதல் முப்பது பக்கத்தை விட்டுவிட்டு, நடுவில் பிளேடால் ஒரு குழி வெட்டினாள். நூற்றியிருபது மாத்திரைகளைப் பிளாஸ்டிக் உறையில் தட்டையாகப் பரப்பி உள்ளே வைத்தாள். கொட்டிவிடக் கூடாதே என்று குழியைச் சுற்றிப் பக்கங்களைப் பசை போட்டு ஒட்டினாள். முதுகின் அடியில் நீல நூலால் ஒரு முடிச்சு. நூற்றியிருபது என்றால் இரண்டு மாதம். இரண்டு மாதத்தில் ஏதாவது நடக்கும் என்று நினைத்துக்கொண்டாள். என்ன நடக்கும் என்று நினைக்கவில்லை.

“நீல நூல், ஞாபகம் வெச்சுக்கோ. கட்டு வந்ததும் நீயே பிரி” என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டாள். “சரிக்கா, டீச்சர் திருடி ஆகிட்டேன்” என்று அவள் சிரித்தாள்.

லாரி கிளம்பியது. எல்லைக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது மூன்றாவது அமைச்சரும் போய்விட்டார்.

மறுநாள் காலை லாரி அச்சக வாசலில் திரும்பி வந்து நின்றது. மேஸ்திரி முகத்தில் ஈயாடவில்லை. “எல்லாக் கட்டையும் பிரிங்க. புது ஆளு படம் அடிச்சாச்சு. சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். இதான் கடைசி, சொல்லிட்டேன். இனிமே ஆளு மாறினா பக்கத்தை மட்டும் லாரியில அனுப்பிடுவோம், அவங்களே ஒட்டிக்கட்டும்.”

மிஷினக்கா அலட்டிக்கொள்ளவில்லை. அட்டைகளைப் பார்த்துக்கொண்டே போய் நானூற்றுப் பதினேழைத் தேடி எடுத்துத் தன் மேசைக்குக் கொண்டுவந்தாள். வேறு யார் கையிலாவது போயிருந்தால்தான் வம்பு. நீல நூல் புத்தகம் கட்டின் நடுவில் இருந்தது. முறை வரும்போது விசிறாமல் மெதுவாக எடுத்து, முதல் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம். அவ்வளவுதானே.

ஒன்று, இரண்டு என்று வேலை ஓடியது. விசிறு, அட்டையைத் திற, இரும்பு ஸ்கேலை வை, பழைய அமைச்சரைக் கிழி, விரலளவு காகிதம் நிற்கட்டும், அதில் பசை, அதன்மேல் புது அமைச்சர். பத்து, பன்னிரண்டு. சுவரில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. பாட்டு நின்று செய்தி வந்தது. பக்கத்து நாட்டில் மருந்துக் கடை வரிசையில் நெரிசல். மூன்று பெண்கள் இறந்துவிட்டார்கள். ஊர்ப் பெயரையும் சொன்னார்கள். தங்கச்சியின் ஊர்.

அவள் அலறவில்லை. எழுந்துகூட நிற்கவில்லை. தலைக்குள் ஈரப் பஞ்சை வைத்து அடைத்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து மேசைக்காரி, “அக்கா, உன் தங்கச்சி ஊராச்சே” என்றது எங்கேயோ கேட்டது. “ஆமா” என்றாள். ஐந்து நிமிடத்தில் டீ நேரம், அப்போது போன் பண்ணலாம் என்று நினைத்தாள். வேலை நேரத்தில் போனைத் தொடக் கூடாது என்பது மேஸ்திரியின் சட்டம். ஊரே எரிந்தாலும் அந்தச் சட்டம் எரியாது. ஐந்து நிமிடம் பதினைந்து நிமிடமானது. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

மணி அடித்ததும் வாசலுக்கு ஓடினாள். நாலாவது தடவைதான் போன் கிடைத்தது.

“நான் இல்லக்கா, நான் போகல. வரிசையில நின்னா மட்டும் குடுக்கவா போறான்னு வீட்லயே இருந்துட்டேன். எதிர்வீட்டு அம்மா போனாங்க.”

“திரும்பி வந்தாங்களா?”

“இல்லக்கா.”

பிறகு தங்கச்சி, “பள்ளிக்கூடம் நாளைக்கு உண்டாம்” என்றாள்.

மிஷினக்கா மேசைக்குத் திரும்பினாள். நானூற்றுப் பதினேழாம் கட்டு கட்டி முடித்து மேசையில் இருந்தது. முடிச்சு அவள் போடுகிற முடிச்சு. அட்டையும் அவள் தொங்கவிட்டதுதான். எப்போது கட்டினாள் என்று நினைவில்லை. பிரித்துப் பார்க்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. லோடு ஏற்றுகிறவன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வருடக் கை, நீல நூலைப் பார்த்திருக்காதா என்ன? பார்த்திருக்கும். “எடுத்துட்டுப் போ” என்றாள்.

நாலாம் நாள் தங்கச்சியிடமிருந்து போன் வந்தது.

“கட்டு வந்துச்சுக்கா. நானே பிரிச்சேன். நீல நூல் எதுலயும் இல்ல.”

“நல்லாப் பார்த்தியா?”

“ஐம்பதையும் ஒவ்வொண்ணா பார்த்துட்டேன். எல்லாம் நல்ல புத்தகம். சரசரன்னு பிரியுது.”

அந்தச் சரசர என்ற சொல் காதில் விழுந்ததும் மிஷினக்காவுக்கு நினைவு வந்தது. முகம் இல்லை, புத்தகம் இல்லை, தன் வலது கை மேலே போனது மட்டும் நினைவு வந்தது. மேசைக்கு மேலிருந்த பலகையிலிருந்து ஒரு புதுப் பிரதியை எடுத்திருக்கிறாள். வேஸ்ட்டுக்கு ஒன்று போனால்தான் பலகையிலிருந்து ஒன்று எடுப்பார்கள். நாற்பத்தொன்பதாக இருந்ததை ஐம்பதாக்கிக் கட்டியிருக்கிறாள். குழியைச் சுற்றி ஒட்டிய புத்தகம் விசிறினால் எப்படிப் பிரியும்? மொத்தையாக நின்றிருக்கும். கை எறிந்துவிட்டது. அடிப்பாவி, எதை மறக்கக் கூடாதோ அதை மறந்து, எதற்கும் உதவாத கணக்கை மட்டும் சரியாக வைத்திருக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வேஸ்ட் புத்தகங்களை அன்றன்றைக்கே கட்டிங் மிஷினில் கொடுத்து நறுக்கிவிடுவார்கள், வெளியே போய் விற்பனையாகிவிடக் கூடாது என்று. ஆனாலும் கட்டிங்காரரிடம் போய்க் கேட்டாள்.

“அண்ணே, அன்னிக்கு வேஸ்ட்ல ஏதாவது வித்தியாசமா வந்துச்சா?”

அவர் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார். “வித்தியாசம்னு ஒண்ணும் இல்லம்மா. நடுவுல கொஞ்சம் வெள்ளையா பொடி கொட்டுச்சு. பழைய பசை காஞ்சு உதிருதுன்னு நெனச்சேன். பிளேடைத் துடைச்சுட்டுக் கூட்டித் தள்ளிட்டேன். ஏன்?”

“ஒண்ணுமில்லண்ணே.”

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. தன் வலது கையின் மேல் மட்டும் வெறுப்பாக இருந்தது. மேசையில் உட்கார்ந்தாள். மறுபடி அதே கையால்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

நடந்ததைத் தங்கச்சியிடம் மறைக்காமல் சொன்னாள். “விடுக்கா, நீயா வேணும்னு பண்ணின?” என்றாள் அவள். மாத்திரை இன்னும் ஒன்பது பாதி இருக்கிறதாம். ஒன்பது பாதி தீர்ந்து மூன்று நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். குரல் குழறியது, நாக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

“வகுப்புல விழுந்துட்டேனாம்க்கா. எனக்கு ஒண்ணும் தெரியாது. கண்ணு முழிச்சப்ப தலைக்கு அடியில நாலு புத்தகம் இருந்துச்சு. பிள்ளைங்க அடுக்கி வெச்சிருக்குதுங்க, தலை தரையில மோதக் கூடாதுன்னு. உன் கணக்குப் புத்தகம்தான்.”

மிஷினக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“மேல இருந்த புத்தகம் திறந்து கிடந்துச்சு. எச்சி பட்டு அமைச்சர் கழண்டு வந்துட்டாரு. என்ன பசைக்கா போடறீங்க?” தங்கச்சி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அக்கா, அடுத்த லாரி எப்ப?”

புத்தக லாரி இனி அடுத்த வருடம்தான். அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் ஒட்டுவதற்குப் புதுப் பக்கம் போக வேண்டும். பக்கம் போக வேண்டுமென்றால் படம் மாற வேண்டும்.

“இப்ப வந்திருக்கிற ஆளுங்க எப்படிடி?” என்று மிஷினக்கா கேட்டாள். “போயிடுவாங்களா?”

“இவங்க நிப்பாங்கன்னுதான் எல்லாரும் பேசிக்கறாங்க. ரெண்டு நாளா கரண்டுகூடப் போகல. மருந்துக்குத்தான் இன்னும் மூணு நாலு மாசம் ஆகும்னு சொல்றாங்க. ஆனா தெருவுல சத்தம் இல்லக்கா. பிள்ளைங்க வெளியில விளையாடுது. எவ்வளவு நாளாச்சு தெரியுமா, இப்படிப் பார்த்து.”

“நல்லதுடி” என்றாள் மிஷினக்கா.

போனை வைத்துவிட்டு உள்ளே போய், ரேடியோவுக்குக் கீழே இருந்த மேசைக்குத் தன் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டாள். அந்த அரசாங்கம் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் கவிழ வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டே அடுத்த புத்தகத்தை எடுத்தாள்.